தகரத்துக்கு அடியில் ஒன்றுமில்லை

அறுபத்தெட்டு வயதில் மாவிஸுக்குப் பாம்பு பார்க்கிற உத்தியோகம் வந்து சேர்ந்தது. அவள் கேட்டு வாங்கியதல்ல. பாம்பைக் கட்டிக்கொண்டு மாரடித்தவன் அவள் புருஷன் நார்மன். வாரமெல்லாம் சர்க்கரை ஆலைக்குப் பீட் கிழங்கு லாரி ஓட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்ற ஆண்கள் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிற நேரத்தில், ஆற்றோரப் புல்வெளியில் குனிந்து குனிந்து துருப்பிடித்த தகரங்களைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பான். தகரங்களை அங்கே போட்டு வைத்தவனும் அவனேதான். வெயிலில் தகரம் சூடேறும், அந்தச் சூட்டுக்கு விஷமில்லாத புல்பாம்பு வந்து அடியில் சுருண்டு படுக்கும், மெல்லத் தூக்கினால் பார்க்கலாம். பார்த்துவிட்டு? பார்த்துவிட்டு மறுபடி மூடிவிட வேண்டும். நல்ல கூத்து! இதற்கா ஒரு மனுஷன் ஆயுசைக் கொடுத்தான் என்று மாவிஸ் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். கேட்கும்போது அவன் பூட்ஸை மாட்டிக்கொண்டிருப்பான்.

ஜனவரியில் நார்மனுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு பிழைத்துக்கொண்டது, கூடவே வாய்க்கொழுப்பும் பிழைத்துக்கொண்டது. இடது கை பாதி போயிற்று, இடது கால் முழுசாகப் போயிற்று. செவ்வாய்க்கிழமைதோறும் பயிற்சி சொல்லித் தர ஒரு பிசியோ பெண் வருவாள். அவள் முன்னால் அவன் உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி உட்கார்ந்திருப்பான். முடியாது என்பான், வலிக்கிறது என்பான், கடைசியில் கண்ணை மூடிக்கொள்வான். மார்ச் கடைசியில் அந்தப் பெண் மாவிஸை வாசல் நடையில் நிறுத்திப் பேசினாள்.

"கால்ல உயிர் இருக்கு மிஸஸ் தர்லோ. அவர் முயற்சி பண்ண மாட்டேங்கறாரு. கோடை முடியறதுக்குள்ள கட்டில்லேருந்து பாத்ரூமுக்கு அவராப் போகணும். இல்லேன்னா உங்களால தனியாத் தூக்கி எறக்க முடியாது. உங்க முதுகு ஏற்கெனவே போயிட்டிருக்கு. அப்புறம் முதியோர் இல்லத்தைப் பத்திதான் பேச வேண்டியிருக்கும்."

கதவு திறந்திருந்தது. உள்ளே சமையலறையில் நாற்காலியில் இருந்தவன் காதில் ஒரு சொல் விடாமல் விழுந்திருக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாவிஸ் தொத்திறைச்சியை வெட்டி வைத்தபோதுதான் பேசினான்.

"ஏப்ரல் பொறக்கப் போகுது. சீமாட்டி வெளில வந்திருப்பா."

சீமாட்டி என்பது அந்தப் புல்வெளியின் மூத்த பாம்பு. கைத்தடியைவிட நீளம், வால்நுனி மட்டும் இல்லை. எந்தக் கொக்கோ கொத்திக்கொண்டு போய்விட்டது. வருஷாவருஷம் அவளைப் பார்த்த அன்று நார்மன் சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவான்.

"வரட்டும். வந்து பாத்திரம் கழுவுவாளா?" என்றாள் மாவிஸ்.

"நீ போய்ப் பாரு. தினமும் காலைல போ. சீமாட்டியை முழுசா உன் கண்ணால பாத்துட்டு வந்து சொல்லு. அன்னிக்கு நான் எந்திரிச்சு நடந்து வந்து அவளைப் பாக்கறேன். அதுவரைக்கும் நட, நடன்னு யாரும் என் உசிரை வாங்கக் கூடாது."

"பாம்பைப் பாத்தா நான் அலறுவேன்னு உனக்குத் தெரியாது?"

"தாராளமா அலறு. அதுக்குக் காது கேக்காது. ஆனா காலடி தெரியும். நீ நடந்தா தெருவே அதிருது."

அப்புறம் பாடம் நடத்தினான். சூரியன் முகத்தில் அடிக்க வேண்டும், நிழல் பின்னால் விழ வேண்டும். தகரத்தை வெடுக்கென்று தூக்கக் கூடாது. பார்த்தபின் இருந்த இடத்திலேயே இருந்த மாதிரியே வைக்க வேண்டும்.

"புடிச்சுக் கிடிச்சுத் தொலைக்காதே. கையில எடுத்தா மல்லாந்து, வாயைப் பொளந்து, நாக்கைத் தொங்கப் போட்டுட்டுச் செத்த மாதிரி கெடக்கும். நாத்தம் வேற, அழுகின மீன் தோத்துடும். நீ பாத்துக்கிட்டே நின்னேன்னா சாயங்காலம் வரைக்கும் அப்படியே கெடக்கும். பார்வை மேல இருக்கிற வரைக்கும் அது எந்திரிக்காது. முதுகைக் காட்டிட்டு நாலடி தள்ளிப் போ, எந்திரிச்சுப் போயிடும்."

"வேலை சொன்னா நீ படுக்கற மாதிரின்னு சொல்லு" என்றாள் மாவிஸ்.

சிரிக்காதவன் அன்றைக்குச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவள் சரி என்றாள். பாம்பைப் பார்ப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், பார்த்துவிட்டால் இந்த மனுஷன் எழுந்திருப்பானே! வாக்குத் தவறுகிற ஆள் இல்லை அவன். பிடிவாதக்காரன், வாய்த்துடுக்குக்காரன், ஆனால் சொன்னால் செய்வான்.

ஏப்ரல் முழுக்க நடந்தாள். காலையில் அவனைக் கட்டிலிலிருந்து தூக்கி, பாத்ரூமுக்குக் கொண்டுபோய், கழுவி, துடைத்து, சட்டை மாட்டி, ஓட்ஸ் கஞ்சி கொடுத்து, மாத்திரை கொடுத்து, சமையலறை நாற்காலியில் உட்கார்த்தி, வலது கைப்பக்கம் டீயும் தொலைபேசியும் வைத்துவிட்டுக் கிளம்பும்போதே அவளுக்கு அன்றைய நாள் முடிந்துவிட்ட மாதிரி இருக்கும். அதற்கப்புறம்தான் ஈரப்புல்லில் நடை. முதல் தகரத்துக்கு அடியில் எறும்பு. அடுத்ததில் ஒரு வயல் எலி, அவளைப் பார்த்துத் திடுக்கிட்டு ஓடும். மற்றதிலெல்லாம் நத்தை. குனிந்து நிமிர்கிற ஒவ்வொரு முறையும் இடுப்பில் ஒரு ஆணி அடிப்பார்கள். திரும்பி வந்தால் நாற்காலியில் இருந்தபடியே கேள்வி வரும்.

"பாத்தியா?"

"ஒண்ணுமில்ல."

"எப்படி இருக்கும்? யானைப்படை போற மாதிரி போனா? நாளைக்குப் போ. அவசரப்பட்டு ஓடி வராதே, நின்னு நிதானமாப் பாரு."

மே மாதம் குளிரும் மழையுமாகப் போயிற்று. ஒரு நாள், ஒரே ஒரு நாள், தகரத்தைத் தூக்கியபோது புல்லுக்குள் ஏதோ வழுக்கிக்கொண்டு போனதைப் பார்த்தாள். ஓட்டமும் நடையுமாக வந்து சொன்னாள்.

"வாலு மாதிரி ஒண்ணு போச்சு நார்மன்!"

"வாலெல்லாம் கணக்குல சேராது. முழுசாப் பாக்கணும்னுதானே சொன்னேன்?" அவன் முழங்கை கருநீலமாகக் கன்றிப்போயிருந்தது. கேட்டதற்கு நாற்காலியில் இடித்துக்கொண்டேன் என்றான். தரையில் கால்மிதி சுருட்டிக்கொண்டு கிடந்தது. அதையும் சரிசெய்தாள். எல்லாவற்றையும் சரிசெய்கிறவள் அவள்தானே.

அலுப்பு என்றால் சாதாரண அலுப்பில்லை. தூங்கினால் தீருகிற அலுப்பு உண்டு; இது தூங்கி எழுந்ததும் கட்டில் ஓரத்தில் செருப்பு மாதிரி அவளுக்காகக் காத்துக்கொண்டிருக்கிற அலுப்பு. முதியோர் இல்லம் என்ற சொல்லை அவளும் இரண்டொரு முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். சொன்ன கையோடு வெட்கப்பட்டாள். வெட்கப்படவும் தெம்பில்லாமல் போன ராத்திரிகளும் உண்டு.

ஜூனில் ஒரு காலை, புல்வெளி வாசலைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தகரங்கள் இல்லை. தகரம் கிடந்த இடத்திலெல்லாம் வெளிச்சம் படாமல் செத்த புல், மஞ்சள் மஞ்சளாகக் கட்டம் போட்ட மாதிரி கிடந்தது. கையுறை போட்டுக்கொண்டு, குப்பைப் பையும் கையுமாக பமீலா நின்றிருந்தாள். அழகிய கிராமப் போட்டிக்கு ஊரைத் தயார் செய்கிற குழுவுக்கு அவள்தான் தலைவி. புறப்பட்டால் ஊரில் ஒரு காய்ந்த இலை மிஞ்சாது.

"பாத்தீங்களா மாவிஸ்! யாரோ வருஷக்கணக்காக் குப்பையைக் கொண்டாந்து கொட்டியிருக்காங்க. நேத்தே எல்லாத்தையும் அள்ளி, பழைய இரும்புக்குப் போட்டு நசுக்கியாச்சு. நடுவருங்க வியாழக்கிழமை வராங்க."

"அது நார்மனோட தகரம்."

"நார்மனுக்குத் தகரம் எதுக்கு?"

"பாம்புக்கு."

பமீலா ஒரு காலைத் தூக்கி வேலிப்படியில் வைத்துக்கொண்டாள். "இங்க பாம்பு இருக்கா?"

"இனிமே இருக்காது" என்று சொல்லிவிட்டு மாவிஸ் திரும்பி நடந்தாள்.

கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், அப்பாடா என்றுதான் இருந்தது. இனிக் குனிய வேண்டாம், நிமிர வேண்டாம். ஆனால் வீடு நெருங்க நெருங்க வேறு நினைப்பு வந்தது. இதை எப்படி அவனிடம் சொல்வது? தகரம் போயிற்று என்றால் சீமாட்டி போனாள், சீமாட்டி போனால் அவன் வாக்கும் போயிற்று. அப்புறம் எதைச் சொல்லி அவனை எழுப்புவது?

வழக்கத்தைவிட வெகு சீக்கிரம் வந்துவிட்டாள். கொல்லைப்பக்கமாக வந்து, சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது.

அப்புறம் அவனைப் பார்த்தாள். அவன் மேஜை விளிம்பை வலது கையால் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். நெற்றியில் வேர்வை. வலது கால் ஒரு அடி வைத்தது. இடது காலை இடுப்போடு சேர்த்து இழுத்தான்.

"வா சனியனே, வா. உன்னைத்தான். நாற்பது வருஷம் கிளட்சை மிதிச்சியே, இப்ப என்ன கேடு? வா!"

கால் வந்தது. அரையடி வந்தது. மேஜை முடிகிற இடத்தில் கையை விட்டான். விட்டதும் சரிந்து முழங்காலில் விழுந்தான். முழங்கை தரையில் மோதிய சத்தம் கண்ணாடியைத் தாண்டி வந்தது. மாவிஸ் கதவின் பிடியில் கை வைத்துவிட்டாள். ஒரு இழுப்பு, உள்ளே ஓடியிருப்பாள்.

பார்வை மேல இருக்கிற வரைக்கும் அது எந்திரிக்காது.

கையை எடுத்தாள். ஜன்னலை விட்டு ஒதுங்கி, சுவரில் சாய்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வசவு கேட்டது, நாற்காலி தேய்கிற சத்தம் கேட்டது, ஒரு முனகல் கேட்டது, அப்புறம் மறுபடி, "வா சனியனே." எழுந்துவிட்டான்.

பூனை மாதிரி நடந்து வெளியே போனாள். தெருவே அதிர்கிற நடையாம்! தெருமுனை தாண்டியதும்தான் கோபம் வந்தது. வந்த கோபத்தில் காது சுட்டது. சண்டாளா, இத்தனை நாள் என்னை ஈரப்புல்லில் விரட்டிவிட்டு நீ இங்கே சர்க்கஸ் நடத்திக்கொண்டிருந்தாயா? தினமும் என் முதுகு ஒடிய உன்னைத் தூக்கினேனே, அப்போதெல்லாம் பிணம் மாதிரி தொங்கினாயே! பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். கட்டியவளுக்குக் கூடவா உன் கால் தெரியக் கூடாது?

புல்வெளியின் மறுகோடியில் குதிரை லாயத்தின் குட்டைச் சுவர் இருக்கிறது. அதையொட்டி எருக்குவியல், சாணமும் வைக்கோலுமாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சுவரில் போய் உட்கார்ந்து அழுதாள். கோபத்தில் கொஞ்சம், அலுப்பில் மீதி. ஒரு கட்டத்தில் எதற்கு அழுகிறோம் என்பதே பிடிபடவில்லை. நார்மனுக்கோ, விழுந்தால் விழுந்ததை யாரும் பார்த்துவிடக் கூடாது. பிசியோ பெண் பார்க்கக் கூடாது, மாவிஸும் பார்க்கக் கூடாது. நம்பிக்கை வைத்து ஏமாந்த முகத்தை அவளிடம் பார்க்க அவனுக்குத் தைரியமில்லை. இவ்வளவுதான் விஷயம், இதைச் சொல்லத் தெரியாமல் பாம்பை இழுத்துவிட்டிருக்கிறான். அழுது முடித்து, வெயில் முதுகில் பட, உட்கார்ந்தபடியே தூங்கிப் போனாள்.

விழித்தபோது காலடியில் ஏதோ நகர்ந்தது. கனமான உடம்பு, பாசி நிறம், கழுத்தில் மஞ்சள் வளையம். பூட்ஸுக்கு ஒரு சாண் தள்ளி எருக்குவியலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வயிறு முட்டையால் பருத்து, தன்னைத் தானே இழுத்து இழுத்துப் போனது. நடுவில் நின்றது. நாக்கை நீட்டிப் பார்த்தது. மறுபடி இழுத்தது. உடம்பு முழுசும் அவளைக் கடந்து போக வெகுநேரம் ஆயிற்று. கடைசியில் வால் வந்தது. நுனி இல்லை.

மாவிஸ் அலறவில்லை. "உனக்கும் முடியலையா?" என்று மட்டும் கேட்டாள். சீமாட்டி வைக்கோலுக்குள் புகுந்து மறைந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது வாசலிலேயே தொண்டையைச் செருமினாள், குடையைக் கீழே போட்டாள், கதவைத் தடாலென்று சாத்தினாள். நார்மன் நாற்காலியில் இருந்தான். டீ ஆறிக் கிடந்தது.

"பாத்தியா?"

பார்த்தேன் என்று சொன்னால் அவன் நாளைக்கே நடந்து வர வேண்டும். மேஜையை விட்டால் அவனுக்கு இன்னும் ஒரு அடி வராது. பாதி வழியில் விழுவான். விழுந்தால் அப்புறம் எழுந்திருக்கவே மாட்டான்.

"ஒண்ணுமில்ல" என்றாள். "மூணாவது தகரத்துல ஒரு தேரை இருந்துச்சு."

"தேரையா? தேரையைப் பாத்துட்டு வரவா உன்னை அனுப்பினேன்? நாளைக்குப் போ."

"போறேன்."

போனாள். ஜூன் போய் ஜூலையும் போயிற்று. தூக்கத் தகரம் இல்லை, குனிய வேலையில்லை. சுவரில் உட்கார்ந்திருப்பாள். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்குப் போனதும் சொல்வதற்குத் தேரை, வயல் எலி, எறும்பு என்று எதையாவது வழியிலேயே யோசித்துக்கொள்வாள். ஒரு நாள் பமீலா வேலிக்கு அப்பால் நின்று பேச்சுக் கொடுத்தாள். போட்டியில் பக்கத்து ஊர் ஜெயித்துவிட்டதாம். 'மிகவும் சுத்தமாக இருக்கிறது, ஆனால் காட்டுயிர்களுக்கு இடம் விடவில்லை' என்று நடுவர்கள் எழுதியிருந்தார்களாம்.

"தினமும் இங்க என்ன பண்றீங்க மாவிஸ்?"

"வீட்டுல வேலை நடக்குது. முடியற வரைக்கும் வெளில இருக்கேன்" என்றாள் மாவிஸ்.

வேலை நடக்கத்தான் செய்தது. காலையில் தூக்கும்போது அவன் கனம் குறைந்துகொண்டு வந்தது. அவன் உடம்பு இளைக்கவில்லை. காலைத் தானே ஊன்றுகிறான். ஒரு நாள் பாத்ரூம் வரைக்கும் அவள் கை சும்மா அவன் முதுகில் இருந்தது, அவ்வளவுதான். அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. காலில் சதை வைத்திருக்கிறதே என்று பிசியோ பெண் ஆச்சரியப்பட்டபோது, கஞ்சியோட மகிமை என்றான் நார்மன்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை, அவள் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது அவன் கேட்டான்.

"என் பூட்ஸ் எங்க?"

அவள் பாதி மாட்டிய கோட்டோடு திரும்பினாள். "எதுக்கு?"

"உன்னை நம்பினா இந்த ஜென்மத்துல சீமாட்டியைப் பாக்க முடியாது. கண்ணு இருந்தாப் போதுமா? நானே வரேன்."

பூட்ஸை மாட்டிவிட்டாள். மேஜையில் கை ஊன்றி, தடியை வாங்கி எழுந்தான். அவள் ஆச்சரியப்படுகிற மாதிரி ஒரு முகத்தை வைக்கப் பார்த்தாள், சரியாக வரவில்லை. அவன் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை. தெருவில் இறங்கினார்கள். கையைப் பிடிக்க விடவில்லை. தடி, வலது கால், இழுவை. தடி, வலது கால், இழுவை. வேலியில் பூச்செடி வெட்டிக்கொண்டிருந்த பமீலா வாயைப் பிளந்தாள். மாவிஸ் தலையை ஆட்டி, திரும்பிக்கொள் என்று சாடை காட்டினாள். பமீலா, அவளைச் சும்மா சொல்லக் கூடாது, உடனே திரும்பி வெட்டின செடியையே மறுபடி வெட்டினாள்.

புல்வெளி வாசலில் நின்று நார்மன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தான்.

"தகரம்?"

"எடுத்துட்டாங்க. போன வாரம்."

அவன் இரண்டடி உள்ளே போய்த் தடியால் புல்லை விலக்கினான். "பொய் சொல்லாத. தகரம் கெடந்த எடம் மஞ்சளாச் செத்துக் கெடக்கும். இது கணுக்கால் ஒசரம் வளந்திருக்கு. ரெண்டு மாசப் புல்லு."

அவள் கோட்டுப் பொத்தானைத் திருகினாள்.

"அப்போ அந்தத் தேரை?"

"சும்மா சொன்னேன்."

"எலி?"

"அதுவும்தான்."

"தினமும் வந்தியே. வந்து என்ன பண்ணினே?"

"அதோ, அந்தச் சுவர்ல உக்காந்திருந்தேன்."

"மழையிலயுமா?"

"மழையிலயும்."

நார்மன் தடியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டான். புல்லைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "ஜன்னல் வழியாப் பாத்தியா?"

"ஒரே ஒரு தடவை. நீ விழுந்தப்போ. அப்புறம் பாக்கல, சத்தியமா."

"சீமாட்டி?"

"அதே நாள்தான் பாத்தேன். என் காலடியில முழுசாப் போனா. வால்நுனி இல்ல."

"சொல்லவே இல்லையே, பாவி."

"சொன்னா நீ நடக்கணுமே." அப்புறம், ஜனவரியிலிருந்து யாரிடமும் சொல்லாததை அவள் சொன்னாள். "எனக்கு ரொம்ப அலுத்துப் போச்சு நார்மன். ரொம்ப."

அவன் தலையாட்டினான். தடியை நீட்டிச் சுவரைக் காட்டினான். "போ. போய் உக்காரு."

"நீயும் வா."

"எனக்கு உக்காந்து உக்காந்து சலிச்சுப் போச்சு. நீ உக்காரு, நான் நிக்கறேன்."

அவள் போய் உட்கார்ந்தாள். அவன் பின்னாலேயே வந்து பக்கத்தில் நின்றான். இடது முழங்கால் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் பழக்கத்தில் முகத்தை எருக்குவியல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் திரும்பு" என்றான் நார்மன். "பரவால்ல. பாரு."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் நின்றுகொண்டிருந்தான்.